அவர் மறந்ததும் நான் சொன்னதும்

என் கணவருக்குச் சுனாமி தெரியாது. 2009இல், கடலூரில் குடியிருந்துகொண்டு, அது தெரியாத வளர்ந்த ஆள் ஒருவர் இருந்தாரென்றால் அது அவராகத்தான் இருக்கும். தலையில் அடிபட்டு, புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, நாலாம் நாள் தெளிவாகப் பேச ஆரம்பித்தபோது என்னிடம் அவர் கேட்டது இதுதான்:

"தேவனாம்பட்டினத்துல என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான். அவனுக்குச் சொல்லியாச்சாங்க?"

'ங்க' போட்டுக் கேட்டார். ஐந்து வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர்.

அந்த நண்பர் மீன்பிடிக்கிறவர், இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். 2004 டிசம்பரில் அலை அவரைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் உடலைத் தேடி எடுத்துத் தூக்கிவந்தவர்களில் என் கணவரும் ஒருவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்துகொண்டு, நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாதம். அடிபடுகிறவரை அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்த நாளே அவரிடமிருந்து போய்விட்டிருந்தது. அதற்கு முந்திய ஆவணியில் நடந்த கல்யாணம் போய்விட்டிருந்தது. அதோடு நானும். அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது அந்த வருஷத்து மாசிமகம். கடற்கரையில் அந்த நண்பர் தோளில் கைபோட்டு நின்றது.

உண்மையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கட்டு அவிழ்ந்துவிடும் என்று நர்ஸ் கையைப் பிடித்தார். தூங்கி எழுந்து மறுபடியும் கேட்டார், "அவனுக்குச் சொல்லியாச்சாங்க?" மறுபடியும் சொன்னேன், மறுபடியும் அழுதார். மூன்றாவது முறை என்னால் முடியவில்லை.

"கடலுக்குப் போயிருக்காரு," என்றேன்.

"அப்போ வந்துடுவான்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்த மிச்ச நாளெல்லாம், தினமும், அந்த மனிதரை நான் கடலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

விபத்து எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன பம்ப் மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். திருப்பாதிரிப்புலியூரில் கடை, கடைக்குப் பின்னால் வீடு. நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர், தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். என் அப்பா அம்மா இருந்ததும் சிதம்பரத்தில்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருடைய அக்கா அண்ணாகிராமம் பக்கத்தில் முந்திரித் தோப்போடு இருந்தார். தாய் இல்லாத தம்பியை வளர்த்தவர்.

அந்த அக்கா மகளுக்கு வடலூரில் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு எதிர் இலையில் அவர். அக்கா பரிமாறிக்கொண்டே வந்தவர் நின்று, நாலு பேர் கேட்க, "அஞ்சு வருஷம் பாத்தாச்சு. தம்பிக்கு வேற ஒரு பொண்ணு பாத்தா என்ன தப்பு? ஊருல இல்லாததா?" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "அக்கா, மோர் இருக்கா?" என்றார்.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். வடலூரிலிருந்தே சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். எட்டு நாள் அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. ஒன்பதாம் நாள் காலை மழையில், புதுச்சத்திரம் தாண்டி ஒரு வேனில் மோதி அவர் வண்டியோடு விழுந்து கிடப்பதாகச் சேதி வந்தது. வண்டி சிதம்பரத்தைப் பார்த்து விழுந்திருந்தது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் வயது இருக்கும். ஒரு நாள் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசினார்.

"எதை மறந்திருக்காரு, எதை மறக்கலைன்னு உங்களுக்கே குழப்பமா இருக்கும். ஞாபகம்னு ஒரே பேரு வெச்சிருக்கோமே தவிர அது ஒண்ணு இல்லம்மா. நமக்கு நடந்ததை, நடந்த இடத்தோட, கூட இருந்தவங்களோட நெனச்சுப் பாக்குறது ஒரு வகை. இவருக்கு அடிபட்டது அதுல. சிதம்பரம் எந்தப் பக்கம், யாருக்கு என்ன புடிக்கும், இப்படிச் சும்மா தெரிஞ்சு வெச்சிருக்கிறது இன்னொரு வகை. அது அங்கங்க தப்பிச்சிருக்கும். கை பழகினது மூணாவது. சைக்கிள், நீச்சல், அவரு தொழில். அது லேசுல போகாது."

"இதுல நான் எதுல இருக்கேன் மேடம்?"

"வீட்டுக்குப் போனா தெரியும். பழசைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துச் சொல்லுங்க. ஆனா ஜாஸ்தியா சேத்துச் சொல்லிடாதீங்க. நீங்க சொன்னதையே தனக்கு ஞாபகம் வந்ததா அவரு எடுத்துக்குவாரு."

வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஒரு காலை, அவரே எழுந்து டீ போட்டார். என் டம்ளரில் சர்க்கரை போடவில்லை. நான் சர்க்கரையை விட்டதே கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

"எனக்குச் சக்கரை வேணாம்னு எப்படித் தெரியும்?"

அவர் டம்ளரைப் பார்த்தார். "தெரியுங்க. எப்படித் தெரியும்னுதான் தெரியல."

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருக்குள் எங்கேயோ ஒரு மூலையில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

கடையைத் திறந்தபோது இன்னொன்று நடந்தது. ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்குகிற நீள மோட்டார் ஒன்று பிரித்தபடி கிடந்தது. அந்த வகையைக் கட்ட அவர் பழகியது 2007இல். "இது நமக்கு வராதே," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். கம்பியை எடுத்தார். கை போக ஆரம்பித்தது. சாயந்திரத்துக்குள் முடித்துவிட்டார். முடித்தபின் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல.

அதைப் பார்த்து எனக்கு ஓர் ஆசை வந்தது. அவருடைய பழைய செல் விபத்தில் நசுங்கிவிட்டதால் பழைய நம்பரிலேயே புதிது வாங்கியிருந்தோம். அதில் ஒரு நம்பரும் பதியவில்லை. அதை அவர் கையில் கொடுத்து, "யோசிக்காதீங்க. தினமும் போன் பண்ற ஆளுக்குப் பண்ற மாதிரி நெனச்சுக்கிட்டு அழுத்துங்க," என்றேன். என் செல்லை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கட்டைவிரல் தயங்கவே இல்லை. பத்து எண்ணும் கடகடவென்று போயின.

என் மடியில் ஒன்றும் அடிக்கவில்லை. அவர் காதுக்குப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் கேட்டது. "தம்பி? சொல்லு தம்பி, சாப்புட்டியா?"

அக்கா செல் வாங்கியதும் கல்யாணத்துக்கு அப்புறம்தான். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

நண்பரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதம் பிடித்தார். அப்போது புதிதாக நடப்பதெல்லாம் நினைவில் நிற்க ஆரம்பித்திருந்தது. தேவனாம்பட்டினத்துக்குக் கூட்டிப்போனேன். போகிற ஆட்டோவிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். கடற்கரைப் பக்கம் எல்லாமே மாறியிருந்தது. பழைய வீடு இருந்த இடம் அவருக்குப் பிடிபடவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் நண்பரின் பெயரைச் சொல்லி, "செத்தது நெசமா?" என்று கேட்டார். அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், தூக்கியாந்ததே நீதான?" என்றார்.

மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம், "ஆஸ்பத்திரியில கடலுக்குப் போயிருக்கான்னு சொன்னியாமே. போன வாரம் செக்கப்புக்குப் போனப்ப நர்ஸ் சொல்லிச்சு," என்றார். முதல்முறையாக 'நீ' என்று அழைத்தார். நான் எதிர்பார்த்திருந்த 'நீ' அல்ல அது.

"சொல்ல மனசு வரலங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா அழுதீங்க."

"அழுதா அழுதுட்டுப் போறேன். இனிமே நீ சொல்றது எது நெசம், எது எனக்காகச் சொல்றதுன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பிறகாவது நான் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அவர் கேட்பார், நான் சொல்வேன். கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரம் தூறல் விழுந்தது என்று சொன்னேன். விழவில்லை, சொல்கிறபோது அழகாக இருக்கிறதென்று சேர்த்தேன். முதல் தீபாவளிக்கு எனக்கு அவராகவே தேடிப்போய் மாம்பழக் கலரில் புடவை எடுத்தார் என்றேன். அக்கா எடுத்துத் தந்த புடவை அது. ஆறு மாதம் போனபின் கடைக்கு வந்த ஒருவரிடம் அவர், "எங்க கல்யாணத்துல தாலி கட்டுறப்போ மழைத் துளி விழுந்துச்சுங்க, இன்னும் கண்ணுல நிக்குது," என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பின்கட்டிலிருந்து கேட்டேன். டாக்டரம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அவர் கேட்டார். "அன்னிக்கு நான் எதுக்கு சிதம்பரம் ரோட்டுல போனேன்?"

"நமக்குள்ள சின்னச் சண்டை. நான் அம்மா வீட்டுல இருந்தேன். என்னைக் கூப்பிட்டுக்கிட்டுப் போக வந்தீங்க."

வடலூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அப்பா ஒரே ஒருமுறை, "எட்டு நாளா போன் பண்ணாத மனுஷன் கூப்பிடத்தான் வந்தாருன்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். "அப்பா, விடுங்க," என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. அந்தப் பந்தியில் என் கணவர் வாய் திறக்காதது எனக்குள் அப்படியே இருந்தது. ஆனால் யாரிடம் கோபப்படுவது? செய்தவருக்கு நினைவில்லை. பட்டவளுக்கு மறக்கவில்லை. மறக்காதவள்தான் விழுங்க வேண்டும் என்று விழுங்கினேன்.

அதன்பின் இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தோம். அதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப்போவார். பழைய மனிதரைவிட இவர் அதிகம் பேசினார். பக்கத்து வீடு, பள்ளிக்கூடம், யார் கேட்டாலும், "என்னைக் கூப்பிட வந்தப்பதான் இவருக்கு அடிபட்டுச்சு," என்று நான் சொல்வேன். அவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். திங்கட்கிழமைகளில் அண்ணாகிராமம் பக்கம் பம்ப் வேலைக்குப் போய் அக்கா வீட்டில் சாப்பிட்டு வருவார். நான் அதைத் தடுக்கவில்லை.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. ஒரே காலையில் அக்காவின் தோப்பு படுத்துவிட்டது. ஜனவரியில் நாங்கள் இருவரும் போனோம். முந்திரி மரங்கள் வேர் மேலே தெரியக் கிடந்தன. பலாமரத்தைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தார்கள். கரண்ட் வரவில்லை, வாடகைக்குக் கொண்டுவந்த ஜெனரேட்டரை மோட்டாரோடு சேர்க்கிற வேலையில் அவர் குனிந்திருந்தார். அக்காவும் நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் விறகு அடுக்கினோம். அந்த அம்மா என்னிடம், "உன் வீட்டுக்காரருக்கு எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைக் கூப்பிட..."

"போதும் நிறுத்தும்மா," என்றார் அக்கா. கையில் இருந்த கட்டையைக் கீழே போட்டார். "எல்லாம் போயிட்டு நடுக்காட்டுல நிக்குறேன், இப்பவாவது உள்ளதச் சொல்லலாம். அன்னிக்குக் காலையில கிளம்புறப்போ எனக்குத்தான் போன் பண்ணினான். 'அக்கா, நான் சிதம்பரம் போயி பேசி முடிச்சுட்டு வந்துடுறேன்'னான். கூப்பிடப் போறேன்னு சொல்லல. பேசி முடிச்சுட்டு வரேன்னான். அத்து விட்டுட்டு வரத்தான் போனான்."

அவரைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் காதில் விழுகிற தூரம்தான். அவர் அதிர்ச்சியாக நிமிர்ந்திருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன். அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அவன ஏன் பாக்குற? அவனுக்கும் தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். நான்தான் சொன்னேன்," என்றார் அக்கா.

பண்ருட்டியில் கடலூர் பஸ் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே நெடுக மரம் விழுந்துகிடந்தது. நெல்லிக்குப்பம் தாண்டியது.

"தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு என் பக்கத்துல நின்னு சிரிச்சீங்க?" என்றேன்.

"நீ அதைச் சொல்றப்போ உன் முகம் நல்லா இருக்கும். அதைக் கெடுக்க வேணாம்னு இருந்தேன்."

"ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேனே. பைத்தியக்காரின்னு நெனச்சீங்களா?"

"அப்படி இல்ல. நீ சொன்னது ஒரு கத. அக்கா சொன்னது ஒரு கத. ரெண்டுல எதுவும் எனக்கு நெனவு வரல. அன்னிக்குக் கிளம்புனவன் என்ன நெனச்சிருந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? பேசி முடிக்கிறதுன்னா ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாமில்ல?"

எடுத்துக்கொள்ளலாம். பெண் பார்த்து நிச்சயம் செய்வதையும் நாங்கள் பேசி முடிப்பது என்றுதான் சொல்வோம். சண்டையைத் தீர்ப்பதையும் அப்படித்தான். உறவை வெட்டுவதையும் அப்படித்தான். அவர் வாயிலிருந்து அந்த நாளைப் பற்றிக் கிடைத்தது அந்த ஒரு சொல். அதையும் அக்காதான் வைத்திருந்தார்.

"அந்தச் சண்டை எதுக்குன்னு அக்கா சொன்னாங்களா?"

"நீ சிதம்பரத்துலயே குடிவைக்கச் சொல்லி அடம்புடிச்சன்னாங்க."

நான் வடலூரைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பந்தி, அக்கா நின்றது, சொன்னது, சிரித்தவர்கள். அவர் கவனமாகக் கேட்டார், வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல.

"நான் என்ன சொன்னேன்?"

"மோர் கேட்டீங்க."

பஸ் எங்கோ நின்று ஆள் ஏற்றியது. நான் காத்திருந்தேன். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த மனிதர் இவர் இல்லை. அவர் செய்ததற்கு இவர் பொறுப்பும் இல்லை. பழையதை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, புதிதாக ஒரு வார்த்தை சொல்ல இவருக்கு எந்தத் தடையும் இல்லை. 'நான் அப்படி இருந்திருக்கக் கூடாது' என்றால் போதும். பொய்யாகச் சொன்னாலும் நான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

"இப்ப அக்கா அதையே கேட்டாலும் நான் என்ன சொல்லுவேன்னு தெரியல," என்றார்.

வேண்டுமென்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நான்தானே உள்ளதைச் சொல்லாமல் இருந்தவள்.

வீட்டுக்கு வந்து பல நாள், நடந்ததை நடந்தபடி ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க முயன்றேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. தாலி கட்டிய நேரத்தை நினைத்தால் எனக்கும் தூறல் விழுந்தது. மாம்பழக் கலர் புடவையை அவர் பையிலிருந்து எடுத்து நீட்டுவது தெரிந்தது. நடக்காததென்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் அதுதான் வந்தது. அக்கா புடவையைக் கொடுத்தது எங்கே, எப்படி என்று ஒன்றும் வரவில்லை. தலையில் அடிபட்டது அவருக்கு. இரண்டு வருஷம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் நான் சொன்ன கதை என் பக்கத்தையும் அழித்து எழுதிவிட்டிருந்தது. அக்காவை நம்ப முடியாது, அவரை நம்ப முடியாது என்று அதுவரை நினைத்திருந்தேன். என்னையும் நம்ப முடியாது என்று ஆனபோதுதான் நிஜமாகவே தனியானேன்.

அந்த ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம், சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு பார்த்தேன். அவரிடம் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. குட்டி யானை வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். ஃபேனை மாட்டினார். குழாயில் ஒழுகியதைச் சரிசெய்தார். அப்பா வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாப்ள, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க," என்றார். "கடையில வேலை கெடக்கு மாமா," என்று சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்தார். வண்டி ஏறும்போது என்னிடம், "வரட்டா?" என்றார். தலையாட்டினேன்.

சண்டை இல்லை, பஞ்சாயத்து இல்லை, வக்கீல் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறார். எந்த மோட்டார் வந்தது, எது எரிந்தது என்று சொல்கிறார். நான் கேட்டுக்கொள்கிறேன். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எந்த அவர்மேல் என்றுதான் பிரித்துச் சொல்ல வரவில்லை.

குடிவந்த சில நாளிலேயே ஆனித் திருமஞ்சனத் தேர். வீட்டுக்காரம்மாவோடு வீதியில் நின்று பார்த்தேன். வடம் பிடிக்கிறவர்கள் சத்தத்துக்கு நடுவே அவர் என் காதருகில் வந்து, "உங்க வீட்டுக்காரரு வரலையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நாங்க தனித்தனியா இருக்கோம்."

"அய்யோ, ஏன்?"

இந்தத் தடவை நான் கதை எதையும் சொல்லவில்லை. தேர் நகர்ந்தது. நாங்களும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டோம்.